திருமாலிடம் சத்தம் போட்டுக் காட்டியவர்கள்

திருமாலின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது பெண்ணாடத்தில், ஒரு கல்யாண மண்டபத்து வாசலில். என் பெரியப்பா மகன் நடராசன் பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக நின்றுகொண்டு, செல்போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "லொடக்... லொடக்... லொடக்" என்று வாயைக் கோணிக்கொண்டிருந்தார். சர்க்கரை ஆலையில் ஒரு கூட்டத்தையே மேய்த்த மனுஷர். வீட்டில்கூடப் பல் தெரியச் சிரிக்காதவர். பன்னீர்ச் சொம்போடு நின்ற பெண் வீட்டுக்காரர்கள் தெளிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்ணே, ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று பக்கத்தில் போனேன்.

"சும்மா இரு அம்சா. திருமாலு கேக்குறாரு. மறுக்கா ஒரு தபா அடிச்சிக் காட்டச் சொல்றாரு."

எட்டிப் பார்த்தேன். போனுக்குள் நரைத்த தாடியும் கிரீஸ் தடவிய நெற்றியுமாக ஒரு முகம். அது அண்ணனின் கண்ணைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. "ஏத்தத்துலயா, எறக்கத்துலயா? பிரேக்கு புடிக்கிறப்பவா, வுடுறப்பவா?"

அண்ணன் சொன்னார். அந்த முகம் தலையாட்டியது. "முன் சக்கரம், உள்பக்கம். பயம் இல்ல. தாலி கட்டுனப்புறம் சாப்டுட்டு மெதுவா ஓட்டிக்கிட்டு வாங்க. பாயசத்த வுட்டுடாதீங்க." அவ்வளவுதான். போன் அணைந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளையை மறந்துவிட்டு எங்கள் அண்ணன் வண்டியின் முன் சக்கரத்தைப் பார்க்கப் போனார்கள்.

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வண்டி பழுது பார்க்கிறவர் திருமால். கொட்டகைக்கு வேலி கிடையாது. மின்கம்பத்தில் வைக்கிற பீங்கான்களில் மூளியானதையெல்லாம் யூனிட்டுக்காரர்கள் ஒதுக்கிப் போடுவார்கள் அல்லவா, அதைப் பொறுக்கி வந்து வரிசையாக நட்டு எல்லை கட்டியிருக்கிறார். நட்டும் போல்ட்டும் வாய் உடைந்த ஊறுகாய் ஜாடிகளில் கிடக்கின்றன. எதிலும் எதுவும் எழுதவில்லை. கையை விட்டுத் துழாவுகிறார், வேண்டியது விரலோடு வருகிறது. டீ குடிப்பது பிடி இல்லாத கோப்பையில். "புடி இருந்தா மெட்ராஸுக்குப் போயிருக்கும். இல்லாததாலதான நம்மகிட்ட இருக்குது" என்று அதைத் துடைத்து வைக்கிறார்.

அவருக்கு வலது காது கேட்காது. இடது காது பாதி. மீசை அரும்புகிற வயதில் ஒரு யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தாராம். களிமண்ணையும் வெள்ளைக் கல்லையும் போட்டு அரைக்கிற பெரிய இரும்பு உருளை, உள்ளே கூழாங்கற்கள் மோதிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்திலேயே வருஷக்கணக்காக நின்றவர். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று சொல்ல ஆளில்லை. "அரைச்ச மண்ணெல்லாம் டீ கப்பாப் போயிடுச்சி. எங் காதும் அதோட போயிடுச்சி" என்பார். வருத்தமாகச் சொல்வதில்லை, ஏதோ பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தவர் மாதிரி சொல்வார்.

காது கேட்காதவர்கள் சிலர் மெதுவாகப் பேசுவார்கள். இவர் அந்த வகை இல்லை. இவரோடு ரகசியம் பேச முடியாது. பேசினால் எதிரே டீக்கடையில் பதில் சொல்வார்கள்.

சத்தம் வருகிறது என்று வண்டியைக் கொண்டு போனால், முதலில் வண்டியைத் தொடமாட்டார். ஒரு ஜாடியைக் கவிழ்த்துப் போட்டு நம்மை அதன்மேல் உட்காரச் சொல்வார். "வாயால அடிச்சிக் காட்டுங்க" என்பார். அந்த வண்டியில் ஏறிய அத்தனை பேரும் காட்ட வேண்டும். ஒருவர் காட்டும்போது மற்றவர் பேசக் கூடாது. வக்கீல், வாத்தியார், ஜவுளிக்கடை முதலாளி எல்லாரும் அந்த ஜாடிமேல் உட்கார்ந்து கடக், மடக் என்று சத்தம் போட்டவர்கள்தான். அவர் தாடை அசைவதையும் உதடு மூடுவதையும் பார்ப்பார். "ஒவ்வொருத்தரு காதுக்கு ஒரு சத்தம். நாலு வாயப் பாத்தாதான் நோவு எங்க கெடக்குதுன்னு தெரியும்." அதற்குப் பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் ஏறி, வெறுங்காலைத் தரையில் பரப்பி உட்கார்ந்து, "வுடுங்க போவலாம்" என்பார். காதுக்கு வராதது காலுக்கு வருமாம்.

தப்பாகவும் போயிருக்கிறது. ஸ்ரீமுஷ்ணத்துப் பட்டர் ஒருவர் காரைக் கொண்டுவந்து, "கடகட கடங்" என்று சத்தியமாக அடித்துக் காட்டினார். திருமாலும் காலால் பார்த்துவிட்டு முன் சக்கரம் இரண்டையும் கழற்றிப் போட்டு, நாள் முழுக்க அடியில் கிடந்தார். கடைசியில் சீட்டுக்கு அடியில் ஒரு பித்தளைச் செம்பு உருண்டுகொண்டிருந்தது. "செம்பும் நல்லா இருக்குது சாமி, வண்டியும் நல்லா இருக்குது" என்று கொடுத்தனுப்பினார். திருமாலின் மனைவி ஜெயஸ்ரீ பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலைக்குப் போகிறவள். அவளுக்குக் கேலி பண்ண இது ஒரு வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது. "ஸ்ரீமுஷ்ணத்துல சாமி பன்னியா வந்து, அடியில போயி பூமிய எடுத்தாரு. எங்க வூட்டு சாமி அடியில போயி செம்ப எடுத்துச்சி" என்று எல்லாரிடமும் சொன்னாள். திருமாலுக்கு அது கேட்கவில்லை. அல்லது கேட்காதது மாதிரி இருந்தார். அதில் அவர் கெட்டிக்காரர்.

ஆனால் ஒன்று. வண்டிக்கு என்ன நோவு என்று சொல்வார். யாரால் வந்தது என்று மட்டும் சொல்லவே மாட்டார். முதலாளி கேட்டாலும் சொல்லமாட்டார், டிரைவர் கேட்டாலும் சொல்லமாட்டார். "வண்டிக்கித்தான் நோவு. ஆளப் பத்தி என்னைக் கேக்காதீங்க" என்று அடியில் போய்ப் படுத்துவிடுவார். ஜெயஸ்ரீதான் காரணம் சொன்னாள். தொழில் தொடங்கின புதிதில் ஒரு முதலாளியிடம், "ஒங்க டிரைவரு கிளட்ச்சு மேலயே கால வச்சிக்கிட்டு ஓட்டுறாருங்க" என்று சொல்லிவிட்டாராம். அவர் குரல்தான் தெரியுமே. டிரைவர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். அன்றைக்கே வேலை போய்விட்டது. அந்தக் குடும்பம் திருப்பூருக்குக் கிளம்பிய அன்று டிரைவர் மனைவி வந்து, ஜெயஸ்ரீயிடம் இரவல் வாங்கியிருந்த குடத்தைக் கழுவி வாசலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாளாம். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும் என்றாள் ஜெயஸ்ரீ.

இப்படிப்பட்ட மனுஷரிடம்தான் நாங்கள் போய் நின்றோம். எங்களுக்கு வேண்டியிருந்ததோ, யாரால் என்கிற அந்த ஒன்றுதான்.

என் தங்கை அமுதவள்ளி இப்போது இல்லை. அவளுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் கொளஞ்சிநாதன் சூளையில் சரக்கு அடுக்குகிறவன். ஒரு பழைய ஆம்னி கார் வாங்கி, பின் சீட்டுகளை எடுத்துவிட்டு, வைக்கோல் பரப்பி, அகல் விளக்கு, டீ கப், பொம்மை என்று ஏற்றிக்கொண்டு நெய்வேலி, பண்ருட்டி, சிதம்பரம் கடைகளுக்கெல்லாம் போட்டு வந்தான். நாங்கள் திருமாலிடம் போனதற்கு முந்தின ஆடியில், ஒரு மழை நாளில் பலகை வழுக்கி, அடுக்கின தட்டுகளோடு கீழே விழுந்தான். இடது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். நடக்கிறான், கிளட்ச்சை மட்டும் மிதிக்க முடியாது. அதனால் அவன் பெண்டாட்டி கவிப்ரியா டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பழகி, லைசென்ஸ் எடுத்து, தானே ஓட்ட ஆரம்பித்தாள். கார்த்திகைக்கு ஒரு விளக்கு உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் வம்சத்தில் வண்டி ஓட்டிய முதல் பெண் அவள். நான் மாட்டு வண்டியில் மூக்கணாங்கயிற்றைக்கூடத் தொட்டதில்லை.

தை பிறந்ததும் சத்தம் வந்தது. கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தால் அடியில் ஒரு இடி. கியர் மாற்றினால் ஒரு இடி. இளையவன் திலீபன் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் டிரைவர். அவன் கேட்டுவிட்டு ஒரே பேச்சில் முடித்தான். "அண்ணி கிளட்ச்ச பொத்துனு வுடுறாங்க. கியர் பாக்ஸ ஒடைச்சிட்டாங்க." ஊரில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, பின் சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டில் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது என்று மாற்றினார். சத்தம் போகவில்லை. இன்னொருவர் கியர் பாக்ஸைத்தான் இறக்க வேண்டும் என்றார். திலீபனுக்கு அது தோதாகப் போயிற்று. "நான் சொல்லல?" என்றான். வெள்ளிக்கிழமை வண்டியை விலை பேச ஒரு புரோக்கரையும் வரச் சொல்லிவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. அண்ணன் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன். அண்ணியும் ரோட்டில் எங்கேயாவது நின்றுபோவாளோ என்று பயம். அந்தப் பயத்தைச் சொல்லத் தெரியாமல் அதட்டலாகச் சொன்னான்.

கொளஞ்சி வாயே திறக்கவில்லை. கவிப்ரியா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "வண்டி போனா சூளைக்குத் தட்டு சொமக்கப் போறேன் பெரியத்தே, அது ஒண்ணும் புதுசு இல்ல. ஓட்டத் தெரியாம ஓட்டி வண்டிய ஒடைச்சவளுன்னு பேரு நின்னுடுமே. நாளைக்கி எம் பொண்ணு வண்டி ஓட்டணும்னா அதச் சொல்லுவாங்களே." அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். அழாததால் நடராசன் அண்ணனுக்குப் போன் போட்டு, அந்தத் திருமால் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

புதன்கிழமை காலையில் போனோம். சத்தத்தைக் கேட்ட எல்லாரும் வர வேண்டும் என்று திருமால் சொல்லியிருந்ததால், கொளஞ்சி பின்னால் வைக்கோலில் காலை நீட்டி உட்கார்ந்து வந்தான். திலீபன் மோட்டார் பைக்கில் வந்தான். ஸ்டாண்டு போடும்போதே, "கியர் பாக்ஸுன்னு சொல்லிட்டாரு அந்த ஆளு. இவரு என்னா புதுசா சொல்லப்போறாரு?" என்றான்.

"என்னா?" என்றார் திருமால்.

"ஒண்ணும் இல்லீங்க."

முதலில் என்னை ஜாடிமேல் உட்கார வைத்தார்கள். எழுபதைத் தாண்டியவள், நடுரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "டொக்கு" என்றேன். "இன்னும் அழுத்தமா யம்மா." "டொக்க்கு!" டீக்கடையில் யாரோ கை தட்டினார்கள். அடுத்தது திலீபன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "கர்ர்ரக்" என்றான். கியர் விழாமல் பல் அரைபடுகிற சத்தம். திருமால் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நீ கேட்டதா தம்பி, நெனைச்சதா?" என்றார். திலீபன் காதுமடல் சிவந்தது.

கவிப்ரியா நிதானமாகக் காட்டினாள். "கிளட்ச்ச வுட்டா டொக். ஆக்ஸிலேட்டர வுட்டா இன்னொரு டக். அது சின்னது. நியூட்ரல்ல நின்னா எதுவும் இல்லீங்க." திருமால் அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தார். தலையாட்டினார்.

கொளஞ்சி மட்டும் வாயைத் திறக்கமாட்டேன் என்றான். விழுந்ததிலிருந்து அப்படித்தான், நாலு பேர் இருக்கிற இடத்தில் குனிந்துகொள்வான். "எனக்கு வரலண்ணே" என்றான். திருமால் விடவில்லை, எதிரே குந்தி உட்கார்ந்துகொண்டார். கொளஞ்சி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கைக்கெட்டின ஒரு ஜாடியை எடுத்து விரல் முட்டியால் தட்டினான். கணீர் என்றது. அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துத் தட்டினான். அது அடிப்பக்கம் விரிசல் விட்ட ஜாடி. பொத்தென்று செத்த சத்தம்.

"இதாண்ணே" என்றான் கொளஞ்சி. "வெரிசல் வுட்ட சரக்கு மாதிரி. இரும்பு சத்தம் இல்ல அது."

சூளையில் வேலை பார்க்கிற யாரும் சரக்கைக் கண்ணால் பார்த்து வாங்கமாட்டார்கள். முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். கணீர் என்றால் கடைக்கு, பொத்தென்றால் குப்பைக்கு. கொளஞ்சிக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. திருமால் கேட்க முடியாதவர், ஆனால் அவரும் அந்த மண்ணில் நின்றவர்தானே. அந்த விரிசல் ஜாடியை வாங்கி மடியில் வைத்து, உள்ளங்கையை அதன் வயிற்றில் பதித்து, "இப்பத் தட்டு" என்றார். கொளஞ்சி தட்டினான். "இன்னொரு தபா." தட்டினான். திருமால் எழுந்து செருப்பைக் கழற்றினார்.

கவிப்ரியா சாவியோடு முன்னால் போனாள். திருமால் அவளைத் தடுத்தார். "பாப்பா, நீ இங்க நில்லு. தம்பி, நீ பஸ் ஓட்டுற கையி. நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்து பாக்குறேன்."

திலீபனுக்கு அது பெருமையாக இருந்தது. ஏறி உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, பூவை வைக்கிற மாதிரி கிளட்ச்சை விட்டான். வண்டி அடியில் டொக்கென்று இடித்தது. இரண்டாவது கியர் போட்டான். டொக். யூனிட்டு கேட் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். போகும்போதும் கேட்டது, வரும்போதும் கேட்டது. நாங்கள் ரோட்டோரம் நின்று அத்தனையும் கேட்டோம். டீக்கடையில் கேட்டார்கள். அதற்குமேல் சாட்சி எதற்கு?

திலீபன் இறங்கி வந்து சாவியை நீட்டினான். யாரையும் பார்க்கவில்லை. "யாரு ஓட்டுனாலும் வருது" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

"என்னா?" என்றார் திருமால்.

"யாரு ஓட்டுனாலும் வருதுங்க!" என்று அவன் கத்த வேண்டியதாயிற்று.

திருமால் தலையாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போகக் கிளம்பினார். அவருக்குக் கேட்கவில்லையா, இன்னொரு முறை சொல்ல வைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மறக்காதது. நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் பெரிய பெரிய பீங்கான்களை முட்டுக் கொடுத்தார். வண்டி ஸ்டார்ட்டில் இருக்க வேண்டும், பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு தரம் முதல் கியர், ஒரு தரம் ரிவர்ஸ் என்று போட்டு, கிளட்ச்சை லேசாக, கால்வாசி மட்டும் விட வேண்டும். அப்போது அடியில் எது குதிக்கிறது என்று அவர் படுத்துப் பார்ப்பார். மேலே உட்கார்ந்திருப்பவர் கால் நழுவினால் கீழே படுத்திருப்பவர் என்ன ஆவார்?

திலீபனும் பயந்துதான் சொன்னான். "அண்ணி வேணாம், நான் உக்காருறேன்."

"வேணாம்" என்றார் திருமால். "பாப்பாவே உக்காரட்டும். சத்தத்த ரெண்டாப் பிரிச்சிச் சொன்னது அவங்கதான். கால் பக்குவம் அவங்களுக்குத்தான் தெரியுது."

சொல்லிவிட்டு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். முழங்கால் மட்டும் வெளியே தெரிந்தது. கவிப்ரியா உட்கார்ந்தாள். அவள் உதடு அசைந்தது, எந்தச் சாமியைக் கூப்பிட்டாளோ. அடியிலிருந்து ஒரு தட்டு வந்தால் முதல் கியர், இரண்டு தட்டு வந்தால் ரிவர்ஸ். ஒரு தட்டு. டொக். இரண்டு தட்டு. டொக். வண்டி ஒரு நூல்கூட நகரவில்லை. கொளஞ்சி தன் வலிக்கிற காலை மறந்து எழுந்து நின்றிருந்தான். திலீபன் கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஓட்டுகிறவன், கால் நடுங்கினால் அவனுக்குத் தெரியாதா? நடுங்கவில்லை.

"நிறுத்து பாப்பா!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. எஞ்சின் நின்றது. கொஞ்ச நேரம் இரும்பு உரசுகிற சத்தம். பிறகு ஒரு கை வெளியே வந்தது. கையில் கறுப்பாக இரண்டு துண்டு. திருமால் எழுந்து வந்து லுங்கியில் அதைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வெள்ளை தெரிந்தது.

சுட்ட மண். சூளையில் தட்டுகளுக்கு நடுவே முட்டுக் கொடுத்து நிறுத்துகிற கட்டை, நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது.

கியர் பாக்ஸின் பின்பக்கம் ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்குமாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் இருக்க வேண்டும், குலுக்கலை அது வாங்கிக்கொள்ளும். அந்த ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் கட்டை இருந்திருக்கிறது. எண்ணெயும் புழுதியும் ஏறி ரப்பர் மாதிரியே கறுத்துக் கிடந்ததால் பார்த்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கட்டை பிளந்ததும் கியர் பாக்ஸ் எழும்பி எழும்பிச் சட்டத்தில் இடித்திருக்கிறது. கிளட்ச்சும் நன்றாக இருந்தது, கியர் பாக்ஸும் நன்றாக இருந்தது.

"யாரு இத வச்சது?" என்றான் திலீபன்.

திருமால் வழக்கம்போலக் காது கேட்காதவராகிவிட்டார். துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். அப்போது கொளஞ்சி கையை நீட்டி ஒரு துண்டை வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ வந்தது.

"நான்தான்" என்றான். "அண்ணே, இத நான்தான் வச்சேன். வேப்பூருக்கு அந்தாண்ட ரப்பர் பிஞ்சி தொங்கிச்சி. வண்டி நெறைய சரக்கு. பக்கத்துல கடையும் இல்ல. சீட்டுக்கு அடியில இந்தக் கட்ட கெடந்திச்சி. சூளச் சூட்டையே தாங்குது, இதத் தாங்காதான்னு முட்டு குடுத்தேன். ஊருக்கு வந்து மாத்திக்கலாம்னு... அப்புறம் சத்தமே வரலியா, மறந்தே பூட்டேன்."

"எப்ப?" என்றாள் கவிப்ரியா.

"நம்ம பாப்பா பால்வாடிக்குப் போனப்போ."

அந்தப் பெண் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

கவிப்ரியா அவனையே பார்த்தாள். நான் சண்டை வரும் என்று நினைத்தேன். வந்தாலும் நியாயம்தான். ஆனால் முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "பழிய எந் தலையில போட்டுட்டு, கட்டைய வண்டி அடியில வச்சிருக்கியா நீ?" என்று அவன் தோளில் ஒரு அடி போட்டாள். கொளஞ்சி சிரித்தான். விழுந்ததிலிருந்து அவன் பல்லை நான் பார்க்கவில்லை. திலீபனும் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே, "அண்ணி, ரப்பர நான் போயி வாங்கியாறேன். நீங்க யாரும் அலைய வேணாம்" என்று பைக்கை உதைத்தான். மன்னிப்பு என்கிற வார்த்தை எங்கள் வீட்டு ஆண்களுக்கு வராது. அலைச்சலாகத்தான் வரும். என் தங்கை வீட்டுக்காரரும் அப்படித்தான், அவர் அப்பாவும் அப்படித்தான்.

"சுட்ட மண்ணு நல்லா சொமக்கும்" என்று திருமால் கொளஞ்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எத்தன வேணா ஏத்து, சொமக்கும். ஆட்டம்தான் தாங்காது. இத்தன நாளு தாங்குனது ஒன் கைவாகு." ஒரு குறை சொன்ன மாதிரியும் இல்லை, அவனைத் தாழ்த்தின மாதிரியும் இல்லை. கொளஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வெரிசல் சத்தம் என்று தான் சொன்னது சரியாகப் போனதில் அவனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். தன் மேல் வந்த தப்பைவிட அது பெரிதாக இருந்தது போல.

ரப்பர் வந்து மாட்டின பிறகு கவிப்ரியா வண்டியை எடுத்தாள். யூனிட்டு கேட் வரைக்கும் போய் வந்தாள். சத்தம் இல்லை. சத்தம் இல்லாததைக் கேட்க டீக்கடையிலிருந்து இரண்டு பேர் ரோட்டுக்கே வந்து நின்றார்கள். புரோக்கரை வர வேண்டாம் என்று திலீபனே போன் போட்டுச் சொன்னான்.

எனக்கு மனசு கொள்ளவில்லை. திருமாலின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பா. ஒரு குடும்பத்தக் காப்பாத்தின" என்றேன்.

"என்னா யம்மா?"

"நல்லா இருன்னேன்."

"என்னா?"

மூன்றாவது முறை நான் போட்ட சத்தத்தில் தொழிற்பேட்டை முழுக்க என் வாழ்த்தைக் கேட்டது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, "அதுக்கு ஏன் யம்மா கத்துறீங்க" என்றார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகிறது. கவிப்ரியா இப்போது கும்பகோணம் வரைக்கும் சரக்குப் போடுகிறாள். திருமாலுக்கு ஒரே மகள், பாரதி, திருச்சியில் வாழ்க்கைப்பட்டவள். ஏழு மாதம் முடிந்து வளைகாப்பு. பிள்ளைத்தாய்ச்சியைத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வேப்பூர் வழியாகப் பெரிய ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போக வேண்டும். பின்னால் ஹாரன் அடித்தால் கேட்காது என்பதால் திருமால் அந்த ரோட்டில் ஓட்டுவதில்லை. இந்த ஊரில் எந்த வண்டிக்கு என்ன நோவு, எந்த டிரைவருக்கு எப்படிக் கால் என்று அவருக்குத் தெரியாதது இல்லை, சொல்லமாட்டாரே தவிர. வாடகைக்கார்கள் எத்தனையோ அவர் கொட்டகையிலேயே நிற்கின்றன. அவர் போன வாரம் எங்கள் தெருவுக்கு வந்து, வாசலில் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "பாப்பா! வியாழக்கெழம நீதான் ஓட்டணும். வேற யாரையும் நான் கேக்கல" என்றார். திலீபன் அன்றைக்கே ஓடி, பின் சீட்டுகளை எடுத்துவந்து மாட்டி, ஒன்றுக்கு இரண்டு மெத்தை போட்டுக் கொடுத்தான்.

இன்றைக்குத்தான் அந்த வியாழக்கிழமை. சற்றுமுன் ஜெயஸ்ரீ வண்டியிலிருந்து போன் பண்ணினாள். "வேப்பூர் தாண்டிட்டோம்க்கா. இவர கொஞ்சம் பாருங்களேன்" என்று போனை முன்னால் திருப்பிக் காட்டினாள்.

திருமால் இப்போது திருச்சி ரோட்டில், கவிப்ரியாவுக்குப் பக்கத்துச் சீட்டில், வாய் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்.